கடைசிப் பந்திக்குப் பிறகு

பள்ளிக்கூடத்தில் விருந்து என்று முடிவானதும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, என்ன சமையல் என்பது. அடுத்தது, எந்த மாஸ்டர். அதற்கடுத்து, பந்தலுக்கும் மைக்குக்கும் யாரிடம் சொல்வது. ஆண்டு விழாவோ, நூற்றாண்டு விழாவோ, பழைய மாணவர்கள் கூடும் நாளோ, எதுவானாலும் இந்த வரிசை மாறுவதில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு அண்டாவை யார் கழுவுவது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தப்பித் தவறி ஒருவர் கேட்டால், “அதெல்லாம் அப்பப் பார்த்துக்கலாமுங்க” என்ற பதிலோடு கூட்டம் கலைந்துவிடும்.

நீங்கள் அப்படி ஒரு விருந்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட விருந்து எப்படி முடியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரவு ஒன்பதரைக்கு வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களை நிறுத்தி வேலை சொல்ல யாருக்கும் மனசு வராது. கடைசியில் மிஞ்சுவது தலைமையாசிரியர், சத்துணவுச் சமையலர், வளாகம் கூட்டும் ஆயா, போக மனம் கேட்காமல் நின்றுவிட்ட இரண்டு மூன்று அம்மாக்கள். நானூறு பேர் சாப்பிட்ட இடத்தை அந்த ஆறேழு பேர் நள்ளிரவு தாண்டியும் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆண்டு விருந்து என்றதும் அந்த அம்மாக்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று பிறகு நாம் யோசிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு விருந்து வைத்தால் சிக்கல் இன்னும் பெரிது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கிராமத்துப் பள்ளிகளில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் விடிந்தும் விடியாமலும் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். திங்கட்கிழமை என்றால் உப்புமாவும் காய்கறிச் சாம்பாரும். அவர்கள் கதவைத் திறக்கும்போது முந்தைய இரவின் எண்ணெய்ச் சட்டி தொட்டியில் கிடந்தால், குழாயடியில் சோறு அடைத்துத் தண்ணீர் தேங்கி நின்றால், ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் காலைச் சாப்பாடுதான் தள்ளிப்போகும். ஆகவே விருந்தைச் சனிக்கிழமை மாலையில் வையுங்கள். ஞாயிறு ஒரு முழு நாள் கையில் இருக்கும். இன்னொன்று, பள்ளியின் சமையற்கூடத்தை விருந்துக்குத் திறக்கவே வேண்டாம். மைதானத்து ஓரத்தில் கோட்டை அடுப்பு போட்டால் கழுவ வேண்டிய இடமும் குறையும், குழந்தைகளுக்கான பாத்திரங்களும் கலந்து போகாது.

துப்புரவு வேலை உண்மையில் மெனு எழுதும் தாளிலேயே தொடங்கிவிடுகிறது. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, கூட்டு, இரண்டு பொரியல், வடை, பாயசம் என்று கல்யாணச் சாப்பாடு போட்டால், ஒவ்வொன்றுக்கும் சமைக்க ஒரு பாத்திரம், பரிமாற இரண்டு வாளி, இரண்டு கரண்டி என்று கணக்கு ஏறும். நம் கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒரே அண்டாவில் வேகவைத்து இறக்கி, மேலே நெய் விட்டால் ஊரே ருசித்துச் சாப்பிடும். தொட்டுக்கொள்ள ஒரு பொரியல், அப்பளம், ஊறுகாய், கடைசியில் மோர். ஒரு பள்ளி விருந்துக்கு அது குறைச்சல் இல்லை. பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

அரிசிம்பருப்பில் ஒரே ஒரு தொல்லை உண்டு, அது அடிப்பிடிக்கும். அந்தக் காந்தலைக் காய விட்டால் மறுநாள் இரண்டு பேர் அண்டாவுக்குள் இறங்கித்தான் சுரண்ட வேண்டும். கடைசி வாளிக்கு மொண்டதுமே, அடுப்பில் தணல் இருக்கும்போதே, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் காந்தல் தானாக விட்டுக்கொண்டு மேலே வரும். பிறகு தேங்காய் நாரும் கொஞ்சம் சபீனாவும் போதும். இதை மாஸ்டரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லி, அவர் ஆள் செய்வதாக ஒப்புக்கொள்ள வையுங்கள். அடுப்பு அணைந்த பிறகு சொன்னால் அவர் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்.

அடுத்தது, எதில் சாப்பிடுவது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகித டம்ளர், தெர்மாக்கோல் தட்டு, மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. இன்றும் பந்தல் கடையில் கேட்டால் சிலவற்றை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்க வேண்டாம். இவற்றில் பல காற்றில் பறந்து வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போய்ச் சேர்கின்றன. கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரைகளில் குனிந்து பொறுக்குகிற பொருள்களின் வரிசையில் இந்த டம்ளர்களும் உண்டு. நம் பள்ளி விருந்தின் மிச்சத்தை இன்னொரு தன்னார்வலர் பொறுக்கும்படி விடுவது நியாயமில்லை.

வாழையிலை போட்டு உட்கார வைத்துப் பரிமாறினால் தட்டு கழுவும் வேலையே இல்லை. சத்தியமங்கலம், கோபி, தொண்டாமுத்தூர் என்று வாழை விளையும் சீமை நம்முடையது, இலைக்குப் பஞ்சமில்லை. பாக்குமட்டைத் தட்டும் நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து வருகிற பஃபே முறையைப் பள்ளி வளாகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் தட்டோடு நிற்கிறவர் சாப்பிட்டு முடித்த இடத்திலேயே தட்டை வைப்பார்: ஜன்னல் திட்டில், மரத்தடியில், சைக்கிள் நிறுத்தத்தில், வகுப்பறை வாசலில். பந்தியில் உட்கார்ந்தால் எச்சில் முழுவதும் ஒரே வரிசையில் அடங்கும். எடுக்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த வழி, அழைப்பிதழிலேயே “வீட்டுக்குத் தக்கபடி வட்டலும் டம்ளரும் கொண்டு வாருங்கள்” என்று ஒரு வரி சேர்ப்பது. பிள்ளைகள் தினமும் தட்டும் டம்ளரும் வைத்துத்தானே பள்ளியில் சாப்பிடுகிறார்கள், பெரியவர்களும் ஒரு நாள் அப்படி வரலாம். சிறப்பு விருந்தினரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறந்து வருகிறவர்களுக்கென்று ஐம்பது தட்டு வாடகைக்கு எடுத்து வைத்தால் போதும்.

வாடகைத் தட்டுதான் என்று முடிவானால் தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். திறந்து விட்ட குழாயில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டுகிறது, ஒரு தட்டு கழுவ அரை நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். தட்டுக்கு ஐந்து லிட்டர், நானூறு தட்டுக்கு 2,000 லிட்டர். இதையே அறுபது லிட்டர் பிடிக்கும் மூன்று டப்பில் வரிசையாக முக்கிக் கழுவி, நூறு தட்டுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் மொத்தம் 720 லிட்டரில் முடிந்துவிடும். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பெருமைப்படுகிற ஊர் நம்முடையது. கோடையில் அதே தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதும் நமக்குத் தெரியும்.

அந்த வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பல இடங்களில் இதில்தான் குழப்பம் வருகிறது. முதலில் ஒரு அகலமான வாளி. சாப்பிட்டவரே தட்டிலுள்ள மிச்சத்தைக் கையால் அதில் வழித்துப் போட வேண்டும். வாளிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சிரித்த முகத்தோடு, “அதுல வழிச்சுட்டுக் குடுங்க கண்ணு” என்று சொன்னால் போதும், யாரும் மறுப்பதில்லை. அங்கே வழிக்காமல் விட்ட சோறுதான் முதல் டப்பைக் கஞ்சித் தொட்டியாக்கி, பிறகு சாக்கடையை அடைக்கும். முதல் டப்பில் வெறும் தண்ணீர், எச்சில் போக அலசுவதற்கு. அதற்குப் பிறகு ஒரு மேசை. சோப்பு நாரோடு இரண்டு பேர் அதில் நின்றபடி தேய்ப்பார்கள். இரண்டாம் டப்பில் சோப்பு போக ஒரு முக்கு, மூன்றாம் டப்பில் சுத்தமான தண்ணீரில் ஒரு முக்கு. கடைசியில் தட்டுகளைப் படுக்கவைக்காமல் சாய்த்து நிறுத்தி நீர் வடிய விட வேண்டும். துணியால் துடைக்க வேண்டாம், ஒரே துணி நூறு தட்டைத் தொட்டால் கழுவியதே வீண். தரையில் குந்தியபடி கழுவினால் அரை மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போகும். வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் டப்பை வைத்தால் நின்றபடி கழுவலாம், வேலையும் இரண்டு மடங்கு ஓடும். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிற தட்டுகள் இப்படித்தான் தொட்டி மாறி, கை மாறிப் போகின்றன. கழுவுகிறவர்களில் பெரும்பாலோர் சேவை செய்ய வந்த பக்தர்கள்.

குப்பைக்கு வருவோம். கோவையின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் 2024 ஏப்ரலில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டார மக்கள் புகையில் தவித்தார்கள். சோறும் இலையும் பிளாஸ்டிக்கும் கலந்து காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது, அது தீ பற்றிக்கொள்ளும் வாயு. பிரிக்காமல் கட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு மூட்டையும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஒன்றிய அரசு 2016-இல் கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இதற்கு வழி சொல்லியிருந்தது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும். மாநகராட்சி என்றால் வார்டு சுகாதார மேற்பார்வையாளர், கிராமம் என்றால் ஊராட்சிச் செயலர், யாரானாலும் அந்த வாரத் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். வண்டி எப்போது வரும், எங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஓர் இலையும் அதில் மிஞ்சியதும் சேர்ந்து நூறு கிராம் என்று வைத்தாலே நானூறு பேருக்கு நாற்பது கிலோ. நம் ஊர்களில் இலையை மாட்டுக்குப் போடும் வழக்கம் உண்டு, நல்ல வழக்கம்தான். ஆனால் சோற்றை இலையோடு சேர்த்து அள்ளிக் கொட்டக் கூடாது. வெந்த சோற்றை மாடு அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றில் புளித்து அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கால்நடை மருத்துவர்கள் பொங்கல் சமயத்தில் அடிக்கடி எச்சரிப்பது இதைப் பற்றித்தான். இலையை உதறி, பல்குச்சியும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் இல்லை என்று பார்த்து, இலையை மட்டும் கொடுங்கள். மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் பள்ளித் தோட்டத்தில் மூன்றடிக் குழி வெட்டி, ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு எச்சில், மேலே மண் என்று போட்டு மூடிவிட்டால் நாயும் கிளறாது, நாற்றமும் வராது. சில மாதங்களில் பள்ளிக் கீரைப் பாத்திக்கு உரம் தயார். குழியை வெள்ளிக்கிழமையே வெட்டி வைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மண்வெட்டி தேட முடியாது.

தொடாத சாப்பாடு மிஞ்சினால் அதை இன்னொருவர் பசிக்குக் கொடுக்கலாம். கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் உணவை எடுத்துப்போய் இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு 2014-இல் நம் கோவையில்தான் பிறந்தது, தொடங்கியவர் பத்மநாபன் கோபாலன். இப்படிக் கொடுப்பதாக இருந்தால் கடைசிப் பந்தி உட்காரும்போதே போன் செய்துவிட வேண்டும். எல்லாம் முடிந்து சோறு ஆறிய பிறகு நினைவு வந்து கூப்பிட்டால் பயனில்லை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை; சூடு தணிந்து மணிக்கணக்கில் கிடந்தால் பெருகி வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். சூடாக இருக்கும்போதே மூடி அனுப்புவதுதான் தானம். தேங்காய்ச் சட்னியையும் தயிர் கலந்த சாதத்தையும் அனுப்பவே வேண்டாம்.

இதுவரை சொன்னது சாமான்களைப் பற்றி. இதில் கடினமான பகுதி மனிதர்கள்.

“யாராச்சும் கொஞ்சம் ஒத்தாசைக்கு வாங்க” என்று மைக்கில் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். அது அவர்கள் குற்றமில்லை. யாராச்சும் என்றால் நம்மைச் சொல்லவில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வாட்ஸாப் குழுவில் போட்டாலும் கட்டைவிரல் படங்கள்தான் வரும். ஆளை நேரில் பார்த்து, பேர் சொல்லி, வேலையைச் சொல்லி, நேரத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். “அண்ணா, சனிக்கிழமை எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரைக்கும் ரெண்டாவது டப்புல நிக்கறீங்களா? அதுக்கு மேல உங்களைத் தேட மாட்டோம்.” இப்படிக் கேட்டு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்குத்தான் மனிதர்கள் பயப்படுகிறார்கள்.

நானூறு பேர் விருந்துக்கு இருபத்தைந்து பேர் போதும், ஆனால் ஒரே இருபத்தைந்து பேர் கடைசிவரை நிற்கக் கூடாது. முதல் பந்தியில் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர் இரண்டாம் பந்தியின் இலை எடுக்கட்டும். இரண்டாம் பந்தியில் சாப்பிட்டவர்கள் மூன்றாம் பந்திக்கு. கடைசிப் பந்தியின் இலை எடுப்பதும் அண்டா தேய்ப்பதும் முதல் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டு இடையில் ஓய்வெடுத்தவர்களுக்கு. துப்புரவுக் குழுவில் இருப்பவர்கள் பசியோடு எச்சில் அள்ளக் கூடாது, அவர்களை முதலில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். விருந்தினரைச் சாப்பிட வைத்துவிட்டு வீட்டார் கடைசியில் சாப்பிடுவது நம் பண்பாடு என்று யாராவது வாதாடுவார்கள். நடைமுறையில் அந்தக் கடைசிச் சாப்பாடு ஆறிப்போன குழம்பும் அடிச்சோறுமாகத்தான் இருக்கிறது, அதைச் சாப்பிடுகிறவர்கள் எப்போதும் பெண்களாகத்தான் இருக்கிறார்கள்.

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர். வாடகைப் பாத்திரக் கடையின் சீட்டை வைத்துக்கொண்டு கரண்டி, ஜக்கு, வாளி எண்ண ஒருவர். இதற்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் யாராவது கிடைத்தால் மிக நல்லது, ஒரு கரண்டிகூடத் தொலையாது. வகுப்பறைகளுக்குள் யாரும் தின்பண்டத்தோடு போகாமல் பார்க்க இரண்டு பழைய மாணவர்கள். இந்தப் பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒரு சார்ட்டில் எழுதி, சமையல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்தச் சார்ட்டில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழாயடியில் யார் பெயர், கணக்கெழுதும் மேசையில் யார் பெயர்? கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் விருந்து நாளில் அந்தப் பாதி அப்படியே குழாயடிக்கும், மீதிப் பாதி மேடைக்கும் போய்விடக் கூடாது. அண்டா தேய்ப்பது கையில் பலம் வேண்டிய வேலை. அதை அப்பாக்களுக்குக் கொடுங்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் நூறு பேருக்குச் சமைக்கிற அண்டாவை ஆண்கள்தானே தூக்கி இறக்குகிறார்கள், தேய்ப்பதற்கும் அந்தக் கை உதவும்.

சாதியையும் பேசாமல் விட முடியாது. இலை எடுப்பதும் எச்சில் துடைப்பதும் நெடுங்காலம் பிறப்பைப் பார்த்துச் சிலர் தலையில் கட்டப்பட்ட வேலை. அது பழைய கதை என்று நான் சொல்ல மாட்டேன். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள், அது வன்கொடுமை வழக்கானது. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலின மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தலைமையாசிரியை கைதானார். இரண்டும் நம் கொங்குச் சீமையில், நம் காலத்தில் நடந்தவை. ஆகவே “பிள்ளைங்களும் வேலை பழகட்டும்” என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டால், எந்தப் பிள்ளை எந்த வேலைக்கு அனுப்பப்படும் என்பதை ஊர் தன் பழக்கப்படி முடிவு செய்துவிடும். அதை முன்கூட்டியே தடுப்பது உங்கள் பொறுப்பு. என் யோசனை இதுதான்: கழிப்பறை வேலை பெரியவர்களுக்கு மட்டும், ஒரு மாணவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. குழுத் தலைவரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் அந்த வேலையில் முதல் பெயராக இருக்கட்டும். இலை எடுக்கும் குழுக்களைச் சீட்டுக் குலுக்கி அமையுங்கள், எல்லாத் தெருவும் கலந்து வரட்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. ஜப்பான் பள்ளிகளில் மதிய உணவைப் பரிமாறுவதும் வகுப்பறை கூட்டுவதும் மாணவர்களின் அன்றாட வேலை, முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள். எல்லோரும் என்பதில்தான் அதன் நியாயம் இருக்கிறது. நம் விருந்தில் பிள்ளைகள் குப்பைத் தொட்டிக்கருகே நின்று எது எதில் போட வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லலாம், டம்ளர் சேகரிக்கலாம், நாற்காலி அடுக்கலாம். சூடான பாத்திரம், கோட்டை அடுப்பு, சோப்புத் தண்ணீர் வழுக்கும் தரை, இந்த மூன்றுக்கும் பக்கத்தில் அவர்களை விடக் கூடாது.

காந்தி 1915-இல் சாந்திநிகேதன் போனபோது, சமையல்காரர்களையும் துப்புரவு ஆட்களையும் நம்பியிருக்காமல் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் வேலையைத் தாங்களே செய்தால் என்ன என்று கேட்டார். தாகூர் அதற்கு இசைந்தார். காய் நறுக்க ஒரு குழு, பாத்திரம் துலக்க ஒரு குழு என்று பிரிந்தார்கள். பாத்திரம் துலக்குகிறவர்களுக்கு அலுப்புத் தெரியாமலிருக்க, ஒரு சிலர் பக்கத்தில் உட்கார்ந்து சித்தார் வாசித்தார்களாம். காந்தி தன் வரலாற்றிலேயே இதைச் சொல்கிறார். அந்தச் சோதனை அங்கே அதிக நாள் நீடிக்கவில்லை. ஆனாலும் மார்ச் 10-ஐ இன்றும் அங்கே அந்த நினைவாகக் கொண்டாடுகிறார்கள், அன்றைக்கு வேலையாட்களுக்கு ஓய்வு, வேலை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும். கோவைக்கும் இந்த மரபில் பங்கு உண்டு. அவிநாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்துக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் 1934-இல் அடிக்கல் நாட்டியவர் காந்திதான். கையால் உழைப்பதையும் படிப்பின் ஒரு பகுதியாக வைத்து வளர்ந்த நிறுவனம் அது.

சித்தார் கிடைக்காது. ஆனால் மேடைக்கு வாடகைக்கு எடுத்த மைக் செட் இருக்கிறதே! நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு ஸ்பீக்கரைக் குழாயடிப் பக்கம் திருப்பி இளையராஜா பாட்டுப் போடச் சொல்லுங்கள். கையும் பாட்டோடு சேர்ந்து ஓடும், போகக் கிளம்பியவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல கடிகாரம்.

விருந்துக்கு அரிசி கொடுத்தவர், நெய் கொடுத்தவர், பந்தல் போட்டவர் பெயர்களை மேடையில் வாசிப்பது வழக்கம். 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பரவிய காலத்திலிருந்தே ஊரார் கொடையால் வளர்ந்தவை நம் பள்ளிகள், அந்தப் பெயர்களை வாசிக்கத்தான் வேண்டும். அதே பட்டியலில் இலை எடுப்பவர்கள், டப்பில் நிற்பவர்கள் பெயரையும் சேர்த்து வாசியுங்கள், சாப்பாடு தொடங்கும் முன்பே. பெயர் வாசித்த பிறகு ஒருவரும் நழுவ மாட்டார்கள், அதைவிட முக்கியமாக, அந்த வேலையும் கொடைதான் என்று பிள்ளைகள் காதில் விழும்.

எல்லாம் முடிந்து பூட்டுவதற்கு முன் ஒருவர் டார்ச்சோடு ஒரு சுற்று வர வேண்டும். சிலிண்டர் வால்வு, கோட்டை அடுப்பின் தணல், தண்ணீர்த் தொட்டி மூடி, சாக்கடை வலை, வகுப்பறைக் கதவுகள். நீர்த் தொட்டி மூடியை இருமுறை பாருங்கள், திறந்து கிடந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து. ஞாயிறு காலை வெளிச்சத்தில் இரண்டு பேர் வந்து மைதானத்தைச் சீமாறு போட்டுக் கூட்டினால், இரவில் கண்ணுக்குத் தப்பிய பல்குச்சியும் கண்ணாடித் துண்டும் கிடைத்துவிடும்.

செலவுக் கணக்கில் கையுறை, நார், சோப்பு, டப் வாடகை என்று ஒரு வரி முதலிலேயே இருக்கட்டும். விருந்துச் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. அதற்குக் கீழே இன்னொரு வரி: ஆயாவுக்கும், வேலை நேரம் தாண்டி வந்து நின்ற சமையலருக்கும், குப்பை ஏற்றிய தூய்மைப் பணியாளருக்கும் அன்றைய கூலி. அவர்களைத் தன்னார்வலர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், அவர்கள் தினமும் செய்கிற வேலை அது. கூலியை உறையில் போட்டு, அன்றிரவே, அவர்கள் கிளம்பும் முன் கையில் கொடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு தூக்குப்போசியில் சாதமும் சேர்த்து.